மீட்டரை ஓட்டுவது யார், தெரியுமா?

2020 ஏப்ரல் 5, இரவு 9 மணி. ஞாபகம் இருக்கிறதா? கொரோனா ஊரடங்கின்போது பிரதமர் கேட்டுக்கொண்டபடி விளக்கை அணைத்துவிட்டு ஒன்பது நிமிடம் வாசலில் அகல் ஏற்றி நின்றோமே, அப்போது நாட்டின் மின்கட்டுப்பாட்டு அறைகளில் என்ன நடந்தது தெரியுமா? வீட்டு விளக்குகள் அணைந்தால் மின்தேவை சுமார் 13,000 மெகாவாட் சரியும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். சரிந்ததோ சுமார் 31,000 மெகாவாட்! இரண்டு மடங்குக்கும் மேல்! விளக்கு மட்டும் போதும், ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓடட்டும் என்று அரசு சொல்லியிருந்தும், ஜனங்கள் வேறு எதையெல்லாமோ நிறுத்தியிருக்கிறார்கள்! நீர்மின் நிலையங்கள் அரை மணிக்குள் சுமார் 17,500 மெகாவாட் உற்பத்தியைக் குறைத்து, கையோடு மறுபடி ஏற்றிக் கொடுத்தன. 50 ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்க வேண்டிய அதிர்வெண் 49.7-க்குக் கீழே இறங்கவில்லை, 50.26-ஐத் தாண்டவும் இல்லை. அன்றிரவு பணியில் இருந்தவர்களை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

எத்தனை விளக்கு, எத்தனை வாட் என்று எண்ணியாயிற்று. சுவிட்ச் போர்டுக்கு முன்னால் நிற்கிறவர் என்ன செய்வார் என்பதுதான் கணக்கில் அடங்கவில்லை. அதை அடக்க ஐம்பது வருஷமாக ஆராய்ச்சியாளர்கள் படும் பாடு இருக்கிறதே!

அமெரிக்காவின் நியூஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் என்றொரு குடியிருப்பு. ராபர்ட் சோக்கலோவ் உள்ளிட்ட பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழுவினர் 1970-களில் அங்கே வீடு வீடாக அளந்தார்கள். ஒரே வரைபடத்தில் கட்டிய வரிசை வீடுகள், ஒரே குளிர். ஆனால் ஒரு வீட்டில் எரிந்த எரிவாயுவைப் போல இன்னொரு வீட்டில் இரண்டு மடங்கு! ஒரு குடும்பம் காலி செய்துபோய் இன்னொன்று குடிவந்தால், அதே சுவர், அதே ஜன்னல், அதே ஹீட்டர். செலவு மட்டும் மாறிவிடுகிறது!

ஜெர்மனியில் இதைவிட ஆச்சரியம். சுமார் 3,400 வீடுகளின் விவரங்களை மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின் இருவரும் 2012-இல் அலசினார்கள். வீட்டைச் சூடாக்க இவ்வளவு ஆகும் என்று வீட்டின் ஆற்றல் சான்றிதழில் போட்டிருந்ததைவிடச் சராசரியாக 30 சதவீதம் குறைவாகத்தான் மக்கள் எரித்திருந்தார்கள். வீடு எவ்வளவு ஓட்டையோ அவ்வளவு சிக்கனம்! ஓட்டையை அடைத்தால் இவ்வளவு மிச்சமாகும் என்று காகிதத்தில் போட்ட கணக்கு என்ன ஆகும், சொல்லுங்கள். செலவே செய்யாததை எப்படி மிச்சம் பிடிப்பது?

கருவி எப்படி ஓடுகிறது என்று நாம் நினைப்பதிலும் குழப்பம்தான். வெயிலில் அலைந்துவிட்டு வந்ததும் ஏசியை 18-க்குத் தள்ளுகிறோமே, சீக்கிரம் குளிருமென்று! இன்வர்ட்டர் இல்லாத ஏசியில் 24-இல் வைத்தாலும் 18-இல் வைத்தாலும் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18-இல் வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். நம்மைப் போலவே பல அமெரிக்கர்களும் ஹீட்டர் திருகைத் தண்ணீர்க் குழாய் மாதிரி நினைக்கிறார்கள் என்று வில்லட் கெம்ப்டன் 1986-லேயே எழுதிவிட்டார்.

அப்படியானால் மனிதரைக் கணிப்பொறிக்குள் எப்படிக் கொண்டுவருவது? இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் இயன் ரிச்சர்ட்சனும் தோழர்களும் பிடித்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆயிரக்கணக்கானோர் பத்துப் பத்து நிமிடமாக ‘இப்போது தூக்கம், இப்போது சமையல், இப்போது டிவி’ என்று எழுதிக் கொடுத்த நாட்குறிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கி, கெட்டில் எப்போது கொதிக்கும், வாஷிங் மெஷின் எப்போது சுற்றும் என்று நிமிடம் நிமிடமாகக் கணித்தார்கள். நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும் கூடத்தில் எரிவது ஒரே விளக்குதானே, அதுகூட அந்தக் கணக்கில் உண்டு! பிறகு 22 வீடுகளில் ஒரு வருஷம் மின்சாரத்தை அளந்து அந்த மாதிரியைச் சரிபார்த்தார்கள். கெட்டிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்: 1990 ஜூலை 4 அன்று இங்கிலாந்து - மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பை அரையிறுதி முடிந்ததும் டிவி முன்னாலிருந்து எழுந்தவர்கள் கெட்டிலைப் போட, பிரிட்டனின் மின்தேவை ஒரே தாவலில் 2,800 மெகாவாட் எகிறியது!

தமிழ்நாட்டு வீட்டுக்கு இப்படி ஒரு மாதிரி செய்தால் ரீடிங் எடுக்கும் தேதியையும் அதில் சேர்த்தாக வேண்டும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறுமே! 480-ஐப் பார்த்ததும் ஹீட்டரை அணைத்துவிட்டு அடுப்பில் வெந்நீர் வைக்கும் அம்மாக்களை எந்தச் சமன்பாட்டில் எழுதுவது?

இன்னும் கேளுங்கள்! கலிபோர்னியாவின் சான் மார்கோஸில், உங்கள் தெருச் சராசரி இவ்வளவு, உங்கள் வீடு இவ்வளவு என்று கதவில் அட்டை மாட்டினார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். குறைவாகச் செலவழித்தவர்களோ, நாம்தான் பரவாயில்லையே என்று கூட்டிவிட்டார்கள்! அதற்கு வெஸ்லி ஷுல்ட்ஸ் குழுவினர் கண்ட மருந்து, பேனாவால் வரைந்த ஒரு சிரித்த முகம். அது இருந்த அட்டையைப் பார்த்தவர்கள் செலவைக் கூட்டவில்லை! 2007-இல் வெளிவந்தது இந்த ஆய்வு.

வேறொரு அமெரிக்க ஆய்வில் அதுகூட இல்லை. ‘மின்பயன்பாடு பற்றிய ஓர் ஆய்வில் நீங்கள் இருக்கிறீர்கள்’ என்று வாராவாரம் ஒரு தபால் அட்டை, அவ்வளவே. யோசனை இல்லை, பரிசு இல்லை. பயன்பாடு 2.7 சதவீதம் குறைந்தது! அட்டை வருவது நின்றதும், மீட்டர் பழையபடி ஓடத் தொடங்கியது.