பூங்காவில் யாருக்கு இடம்?

பொம்மைப் படம் பார்த்திருக்கிறீர்களா? அதில் எலி பேசும். யானை பறக்கும். ஓவியர்கள் ஆயிரக்கணக்கான படங்களை வரைவார்கள். அவற்றை வேகமாக ஓட்டினால், பொம்மைகள் அசைவது போலத் தெரியும். இதைக் கார்ட்டூன் படம் என்றும் சொல்வார்கள்.

அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி என்பவர் இத்தகைய படங்களை எடுத்தார். 1937இல் 'ஸ்னோ ஒயிட்' என்ற முழு நீளப் படத்தைத் தந்தார். 1955இல் கலிபோர்னியாவில் ஒரு பெரிய பூங்காவைத் திறந்தார். அதன் பெயர் டிஸ்னிலாந்து.

திருவிழாவில் நாம் ராட்டினம் ஏறுகிறோம். அது சும்மா சுற்றும். டிஸ்னிலாந்தில் அப்படி இல்லை. வண்டியே ஒரு கதை சொல்லும். ஸ்னோ ஒயிட் வண்டியில் ஏறினால், அது காட்டுக்குள் போகும். சூனியக்காரி எதிரே வருவாள். குழந்தைகள் அலறுவார்கள், பிறகு சிரிப்பார்கள்.

ஆனால் எல்லாப் படங்களுக்கும் இப்படிச் சவாரி இல்லை. ஏன்?

முதல் காரணம் பணம்

ஒரு சவாரி கட்டப் பல கோடி செலவாகும். அது பல வருடங்கள் ஓட வேண்டும். 1955இல் தொடங்கிய 'பீட்டர் பேன்' சவாரி இன்றும் ஓடுகிறது. ஆகவே மக்கள் மறக்காத படத்தையே கம்பெனி தேடும்.

2002இல் 'ட்ரெஷர் பிளானட்' என்ற படம் வந்தது. செலவு 14 கோடி டாலர். உலகம் முழுவதும் வசூல் சுமார் 11 கோடி டாலர். அதிலும் தியேட்டர்காரருக்குப் பங்கு உண்டு. கம்பெனிக்குப் பெரிய நஷ்டம். அந்தப் படத்துக்குச் சவாரி வரவில்லை.

2013இல் 'ஃப்ரோசன்' வந்தது. வசூல் 120 கோடி டாலரைத் தாண்டியது. 2016இல் புளோரிடா பூங்காவில் அதற்குப் படகுச் சவாரி வந்துவிட்டது.

இரண்டாவது காரணம் இடம்

பூங்காவில் இடம் குறைவு. ஒன்று வர வேண்டுமானால், பல நேரம் இன்னொன்று போக வேண்டும். ஃப்ரோசன் சவாரியும் அப்படித்தான் வந்தது. அங்கே முன்பே நார்வே நாட்டைக் காட்டும் படகுச் சவாரி இருந்தது. அதை மூடி, மாற்றிக் கட்டினார்கள். பழைய சவாரியை விரும்பியவர்கள் வருந்தினார்கள்.

தியானாவின் கதை

பணமும் இடமும் மட்டும்தானா காரணம்? இதையும் கேளுங்கள்.

2009இல் 'இளவரசியும் தவளையும்' என்ற படம் வந்தது. கதாநாயகி தியானா, கறுப்பினப் பெண். ஓட்டலில் பரிமாறும் வேலை செய்கிறாள். கிடைக்கும் காசைச் சேர்த்து வைக்கிறாள். சொந்தமாக ஓட்டல் தொடங்குவது அவள் கனவு. டிஸ்னி படங்களில் முதல் கறுப்பின இளவரசி இவள்தான். படம் நன்றாகவே ஓடியது. பூங்காவில் சிறு நிகழ்ச்சிகள் நடந்தன. ஆனால் பெரிய சவாரி வரவில்லை.

அதே பூங்காவில், 1946இல் வந்த ஒரு பழைய படத்துக்குப் பெரிய சவாரி இருந்தது. 1989இல் கட்டியது. மரக்கட்டை போன்ற படகு உயரத்திலிருந்து தண்ணீரில் பாயும். கூட்டம் அலைமோதும். ஆனால் அந்தப் பழைய படம் கறுப்பின மக்களின் துயரத்தை மறைத்தது. தோட்ட முதலாளியின் நிலத்தில் அவர்கள் மகிழ்ச்சியாகவே வாழ்ந்ததாகக் காட்டியது. படம் வந்த நாளிலேயே எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்காவில் அந்தப் படத்தைக் கம்பெனி வீடியோவாகக்கூட விற்கவில்லை. சவாரி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

2020இல் அமெரிக்கா முழுவதும் நிறவெறிக்கு எதிராக மக்கள் திரண்டார்கள். அந்த நாட்களில்தான் கம்பெனி தன் முடிவை அறிவித்தது. 2023இல் அந்தச் சவாரி புளோரிடாவிலும் கலிபோர்னியாவிலும் மூடப்பட்டது. 2024இல் அதே இடங்களில் தியானா சவாரி திறந்தது. படம் வந்து 15 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பழைய சவாரி போனதில் சிலருக்கு வருத்தம். ஆனால் ஒரு கறுப்பினச் சிறுமியை நினைத்துப் பாருங்கள். தன்னைப் போன்ற முகத்தை அங்கே அவள் பெருமையோடு பார்க்கிறாள்.

பூங்காவில் இடம் பிடிப்பது நல்ல கதை மட்டும் அல்ல. வசூல் பேசுகிறது. இடம் பேசுகிறது. மக்கள் சேர்ந்து பேசினால், அதுவும் கேட்கிறது.

யோசித்துப் பாருங்கள்: நீங்கள் பார்க்கும் படங்களில் யாருடைய கதை வருகிறது? யாருடைய கதை வரவில்லை?