உமியும் வைக்கோலும்: கல்முனைக் கரையோரத்திற்கு ஒரு தூய கைத்தொழில்

பெரும்போக அறுவடை முடிந்ததும் கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் வயல் வட்டைகளில் இரண்டு காட்சிகள் தவறாது தென்படும். வெட்டு இயந்திரம் சென்ற வழியெல்லாம் வரிவரியாகக் கிடக்கும் வைக்கோலுக்குத் தீயிடப்படும். நெல் குற்றும் ஆலைகளின் பின்புறத்தே உமி குன்றுபோற் குவியும். அதிற் சிறிது அடுப்புக்குப் போக, எஞ்சியது நாட்கணக்கிற் புகைந்துகொண்டிருக்கும், அல்லது பள்ளம் நிரப்பக் கொட்டப்படும். இவ்விரண்டும் கழிவு என்பதே பலருடைய எண்ணம். இவற்றை மூலப்பொருளாகக் கொண்டு இக்கரையோரத்திலேயே ஒரு கைத்தொழிலை வளர்த்தல் கூடுமா என்பதையும், அதிற் கமக்காரருக்கு உரிய பங்கு யாது என்பதையும் இங்கு ஆராய்வோம்.

தூய தொழினுட்பம் என்னும் பெயர் புதிது, பொருள் பழையது. புகையையும் கழிவையும் குறைத்து, பயிரின் எச்சம், சாணம், வெயில் முதலியவற்றிலிருந்து வலுவும் பசளையும் பெறும் முறைகளே அப்பெயராற் குறிக்கப்படுகின்றன.

வைக்கோலின் கணக்கு

ஓர் ஏக்கரில் 80 புசல், அதாவது ஏறத்தாழ 1,600 கிலோ நெல் விளைந்ததென்று கொள்வோம். வைக்கோலும் ஏறக்குறைய அதே நிறையில் இருக்கும். அவ்வளவு வைக்கோலில் 8 முதல் 13 கிலோ வரை நைதரசனும், 22 முதல் 32 கிலோ வரை பொற்றாசும் உண்டு. தீயிட்டால் நைதரசன் முழுவதும் புகையோடு போய்விடும். அது சராசரியாக அரை மூடை யூரியாவுக்குச் சமம். பொற்றாசிற் பெரும்பகுதி சாம்பலில் தங்கினும், காற்றும் முதல் மழையும் அதனையும் ஓரளவு கொண்டுசெல்லும். பொற்றாசின் மொத்த அளவோ கிட்டத்தட்ட ஒரு மூடை எம்.ஓ.பீ. பசளைக்கு ஒப்பாகும்.

ஆகவே வைக்கோல்மீது முதலுரிமை வயலுக்கே உண்டு. அதனைப் பரப்பிவிட்டு, விதைப்பதற்கு மூன்று நான்கு கிழமைகளுக்கு முன்னரே உழுது சேற்றில் மடக்குதல் நன்று. 1956இல் உற்பத்தியைத் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டது. கிழக்கிலங்கையில் பயிர் எச்சத்தைக் கொண்டு நடத்தப்பட்ட பெருந்தொழில் அது. அது பின்னாளில் நலிந்துபோனமை வருந்தத்தக்கதே. எனினும் வைக்கோலை விற்றவர் அதனுடன் தம் வயலின் பொற்றாசையும் விற்றார் என்பதை அக்காலத்திற் கணக்கிட்டவர் சிலரே.

வைக்கோலை வயலுக்கு மீளக் கொடுத்துக்கொண்டே வாயுவும் பெற ஒரு வழி உண்டு. 1974இல் நிறுவப்பட்ட தேசிய எந்திரவியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் வைக்கோலிலிருந்து உயிர்வாயு பெறும் உலர்முறைக் கலன் ஒன்றை உருவாக்கியது. நாள்தோறும் சாணத்தைக் கரைத்து ஊற்றுதல் இதில் இல்லை. வைக்கோலையும் சிறிது சாணத்தையும் ஒரே தடவையில் நிரப்பி மூடிவிட்டால், பல மாதங்களுக்கு அடுப்பெரிக்கும் வாயு கிடைக்கும். எஞ்சுவது மக்கிய எருவாகும். மாடு வளர்ப்போர் அருகிய இக்கரையோர ஊர்களுக்கு இம்முறை பொருத்தமானது. ஆயினும் கலனைக் கட்டுவதற்குச் செலவுண்டு. தேர்ந்த மேசனும் வேண்டும்.

உமியே தொழிலுக்கு உகந்தது

நெல்லின் நிறையில் ஐந்திலொரு பங்கு உமியாகும். அதனை எவரும் வயல் வயலாகச் சென்று பொறுக்கவேண்டியதில்லை. ஆலையின் ஒரு மூலையில் அது தானே வந்து குவிகின்றது. எந்தத் தொழிலுக்கும் மூலப்பொருளைச் சேர்த்தலே பெருஞ்செலவு. இங்கு அச்செலவு இல்லை.

உமியைக் கொண்டு செய்யத்தக்கவற்றுள் மிக எளியது உமிக்கரியாகும். பக்கமெங்கும் துளையிட்ட பழைய தகரப் பீப்பா ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேற்புறத்தில் ஓர் ஆள் உயரமான தகரக் குழாயைப் புகைபோக்கியாகப் பொருத்துக. பீப்பாவினுள் விறகால் நெருப்பை மூட்டி, அதனைச் சூழ உமியைக் குவிக்க. துளைகளின் வழியாகச் சூடு பரவி உமி உள்ளிருந்து கறுக்கத் தொடங்கும். மேற்புறம் கறுத்து வருகையில், கறுக்காத உமியை அடியிலிருந்து மண்வெட்டியால் வாரி மேலே இடுதல் வேண்டும். குவியல் முழுவதும் கறுத்ததும், சாம்பல்நிறம் கொள்ளுமுன், பரப்பி நீர் தெளித்து முற்றாக அணைத்துவிடுக. இந்த வேளையில் அயர்ந்திருந்தால் கரி சாம்பலாகிவிடும். அணைந்ததென்று எண்ணிச் சாக்கிற் கட்டிய கரி இரவில் மீண்டும் தீப்பற்றிய துண்டு. ஆதலால் ஒரு நாள் வெளியில் ஆறவிட்டே சேமிக்க. நூறு கிலோ உமியிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோ கரி கிடைக்கும்.

கரையோர மரக்கறித் தோட்டங்களுக்கு இக்கரி பெரிதும் பயன்படும். நம்முடைய மணற்றரை நீரையும் பசளையையும் தேக்கிவைக்க வல்லதன்று. காலையில் ஊற்றிய நீர் நண்பகலுக்குள் வேரைக் கடந்து இறங்கிவிடும். நுண்துளைகள் நிறைந்த கரி அந்நீரையும் கரைந்த பசளையையும் ஓரளவு பிடித்துவைக்கின்றது. நெல்லுக்கோ அதிலுள்ள சிலிக்கா தண்டை உறுதியாக்கி, எரிபந்த நோயைத் தாங்க உதவுகின்றது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகக் கூறவேண்டும். உமிக்கரியில் நைதரசன் மிகச் சொற்பம்; அது யூரியாவுக்கு மாற்றாகாது. 2021ஆம் ஆண்டு செயற்கைப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்படுமுன் பெரும்போகம் தொடங்கிவிட்டமையும், அதனால் விளைச்சல் வீழ்ந்தமையும் எவரும் மறந்திரார். சேதனப் பொருள் மண்ணைத் திருத்தும். பயிரின் முழு உணவையும் ஒரே போகத்தில் அளித்துவிடாது. கரியைத் தனியாக இடாது, கூட்டெருவுடனோ கோழி எருவுடனோ கலந்து சில கிழமைகள் வைத்திருந்து இடுதல் நன்று. கரி காரத்தன்மை உடையதாதலின் அளவு மீறலாகாது.

எரிபொருளும் மின்சாரமும்

ஏறக்குறைய இரண்டே முக்காற் கிலோ உமியில் ஒரு லீற்றர் டீசலின் வெப்பம் அடங்கியுள்ளது. நெல் புழுக்கும் ஆலைகள் இதனை நன்கறியும். ஆனால் உமி பரும்பொருள். லொறியில் ஏற்றினால் நிறை குறைவு, இடம் அதிகம். அழுத்திக் கட்டையாக்கினால் தொலைவுக்கும் கொண்டுசெல்லலாம். மருதமுனை நெசவாளர் நூலுக்குச் சாயமேற்றும் கொப்பரைகளுக்கும், பேக்கரிப் போறணைகளுக்கும், நோன்பு மாதத்திற் பள்ளிவாசல்களிற் கஞ்சி காய்ச்சும் பெரிய அடுப்புகளுக்கும் இக்கட்டை விறகுக்கு ஈடாகும்.

உமியிலிருந்து மின்சாரமும் பெறலாம். போதிய காற்றில்லாமல் உமியை எரித்தால் காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கலந்த வாயு பிறக்கும். அதனைக் கழுவி வடித்து இயந்திரத்திற் செலுத்தலாம். 2007இல் இந்தியாவின் பீகார் மாநிலத்தில், மேற்குச் சம்பாரண் மாவட்டத்துத் தம்குஹா என்னும் மின்சாரமில்லாக் கிராமத்தில் ‘ஹஸ்க் பவர்’ நிறுவனம் இம்முறையால் விளக்கேற்றியது. எஞ்சிய கரியைக்கொண்டு பெண்கள் ஊதுபத்தி செய்தனர். பின்னர் அந்நிறுவனம் சூரிய மின்சாரத்தையும் பெரிதும் சார்ந்தது. காரணம் அறியத்தக்கது: உமிவாயுவில் வரும் தார் இயந்திரத்தை அடைக்கும், நாள்தோறும் துப்புரவு செய்ய ஆள் வேண்டும், காபனோரொட்சைட்டு மணமின்றிக் கொல்லும் நஞ்சு. மணிக்கு ஒரு தொன் நெல் குற்றும் ஆலைக்கு 200 கிலோ உமி கிடைப்பதால், ஓரலகுக்கு இரண்டு கிலோ என்று கொண்டாலும் 100 அலகு மின்சாரம் பெறலாம். கணக்கு கவர்ச்சியானதே. எனினும் நம்மூர் ஆலைகள் கரியிலும் கட்டையிலும் தொடங்கி, தேர்ந்த கைகள் உண்டானபின் மின்சாரத்துக்குச் செல்வதே அறிவுடைமை என்பது எமது கருத்து. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பொறியியல், தொழினுட்பப் பீடங்கள் உள; அத்தகைய கைகளை அங்கு பயிற்றலாம்.

சூரிய நீர்ப்பம்பியைப்பற்றியும் ஒரு சொல். 2022 ஓகத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது தோட்டக்காரர் பலர் இதனை நாடினர். எரிபொருட் செலவில்லாத பம்பி நாள் முழுதும் ஓடும். அதுவே அதன் ஆபத்து. கடலோரக் கிணறுகளில் நன்னீர் உப்புநீரின்மேல் மெல்லிய படையாகவே மிதக்கின்றது. மிகையாக இறைத்தால் உப்பு மேலேறிவிடும். 2004 ஆழிப்பேரலைக்குப்பின் கிணறுகள் உவர்த்தமையைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. நீரைத் தொட்டியில் நிரப்பி, தொட்டி நிறைந்ததும் பம்பியை நிறுத்துக.

உமி எங்கே போகின்றது?

இத்தொழிலுக்கு உள்ள பெருந்தடை இயந்திரமன்று. நம் நெல்லிற் பெருந்தொகை களத்திலேயே விற்கப்பட்டு, நெல்லாகவே பொலன்னறுவை முதலிய இடங்களிலுள்ள பெரிய ஆலைகளுக்கு ஏற்றப்படுகின்றது. நூறு லொறி நெல் செல்கையில் இருபது லொறி நிறையான உமியும், தவிடும், குற்றுகூலியும் உடன் செல்கின்றன. நெல் இங்கேயே குற்றப்பட்டால்தான் இங்கு உமி உண்டு. உமி உண்டானால்தான் கரியும் கட்டையும் அவற்றைச் செய்யும் பட்டறையும் உண்டு.

உள்ளூர் ஆலைக்கு நெல் கொடுக்கும் கமக்காரர்கள் விலையை மட்டும் பேசி அமையாது, இத்தனை மூடை நெல்லுக்கு இத்தனை சாக்கு உமி அல்லது கரி திரும்பவேண்டும் என்றும் பேசிக்கொள்ளலாம். தனியொருவர் கேட்டால் ஆலைக்காரர் சிரிப்பார். கமக்காரர் அமைப்பு கேட்டால் கணக்குப் பார்ப்பார். போக ஆரம்பக் கூட்டமே இதற்குத் தக்க இடம்.

கரியின் பயனை ஐயுறுவோர் தம் தோட்டத்தில் ஒரே அளவான இரு பாத்திகளை அமைத்து, ஒன்றில் கூட்டெருவை மட்டும், மற்றதில் அதே அளவு கூட்டெருவுடன் சதுர மீற்றருக்கு ஒரு கிலோ உமிக்கரியைக் கலந்து இடுக. இரண்டிலும் ஒரே நாளிற் கீரையோ கத்தரியோ நட்டு, ஊற்றிய நீரின் வாளிக் கணக்கையும் பறித்த நிறையையும் ஒரு கொப்பியில் எழுதிவருக. கொப்பியைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுவந்தால் விவசாயப் போதனாசிரியர் அதனை உங்களுடன் இருந்து பார்வையிடுவார்.