உடல் எடையும் அசதியும்: பூஞ்சைதான் காரணமா?



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு மனுக் கொடுப்பவர்கள், பழைய மருந்துச் சீட்டுகளையும் ரசீதுகளையும் சேர்த்துத் தருவது வழக்கம். சமீப காலமாக அந்த ரசீதுகளுக்கு இடையில் ஒரு புதுச் செலவைப் பார்க்கிறோம். "குடல் பூஞ்சை நீக்கும் பவுடர்", "ஈஸ்ட் சுத்திகரிப்பு" என்ற பெயர்களில் ஆயிரக்கணக்கில் போயிருக்கும். எடை கூடுகிறது, எப்போதும் அசதியாக இருக்கிறது என்று சொல்பவர்களிடம், "உங்கள் குடலில் பூஞ்சை பெருகிவிட்டது" என்று யாரோ சொல்லி விற்றவை இவை.

அப்படி வாங்கிய ஒரு சகோதரியின் விஷயத்தை, அவருடைய அனுமதியோடு, பெயர் சொல்லாமல் இங்கே எழுதுகிறோம். வயது 41. மூன்று பிள்ளைகள். ஒன்றரை வருடத்தில் 9 கிலோ எடை கூடியிருக்கிறது. சுபுஹுக்கு எழும்போதே உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் இருக்குமாம். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்து, காலையில் ஒரு கிளாஸ் தண்ணீரில் எச்சிலைத் துப்பிப் பார்த்திருக்கிறார். எச்சில் நூல் நூலாகக் கீழே இறங்கியதும் பயந்துபோய், மூன்று மாதப் பவுடரை 11,000 ரூபாய்க்கு வரவழைத்திருக்கிறார். சீட்டுப் பணம் அதற்கே சரியாகப் போயிற்று.

அவர் நம்மிடம் வந்தது பிள்ளையின் படிப்புச் செலவுக்காக. பேச்சுவாக்கில்தான் நம் பெண் தொண்டரிடம் இன்னொன்றையும் சொன்னார். ஒரு வருடமாக வெள்ளைப்படுதலும் அரிப்பும் விட்டுவிட்டு வருகிறதாம். வெட்கப்பட்டு மருத்துவரிடம் போகவில்லை. கணவரிடம் சொல்லி மெடிக்கலில் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். உடனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 9.1 சதவீதம் இருந்தது. அவருக்கு நீரிழிவு இருந்ததை அதுவரை அவரும் அறியவில்லை, வீட்டாரும் அறியவில்லை.

அவருக்குப் பூஞ்சைத் தொல்லை இருந்தது உண்மை. ஆனால் எடைக்கும் அசதிக்கும் அது காரணம் இல்லை. அவருடைய சர்க்கரை ஏறிக் கிடந்ததற்கு அது அடையாளம். இந்த வித்தியாசம் நம் குடும்பங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

பூஞ்சை நம் உடலில் என்ன செய்கிறது?

ஈஸ்ட் என்பது பூஞ்சை இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர். மனித உடலில் தொல்லை தருவது பெரும்பாலும் கேண்டிடா என்ற வகை. பன், ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் வேறு. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களிலும் பலருடைய வாயில், குடலில், பெண்களின் பிறப்புறுப்பில் கேண்டிடா சும்மா இருந்துகொண்டிருக்கும். அங்கேயே வாழும் நல்ல பாக்டீரியாக்களும் உடலின் எதிர்ப்புச் சக்தியும் அதைப் பெருக விடாமல் அடக்கி வைத்திருக்கின்றன. ஆகவே, குடலில் பூஞ்சை இருக்கிறது என்பது மட்டுமே நோய் ஆகாது.

இந்தக் கட்டுப்பாடு குலையும்போதுதான் தொல்லை. ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிட்ட பிறகு, கர்ப்ப காலத்தில், ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருக்கும்போது, ஸ்டீராய்டு மருந்து எடுக்கும்போது, எதிர்ப்புச் சக்தி குறையும்போது பூஞ்சை பெருகும். கைக்குழந்தைகளுக்கும் பல்செட் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் வாயில் வெள்ளையாகப் படியும். பெண்களுக்கு அரிப்பு, எரிச்சல், தயிர்போல் கெட்டியான வெள்ளைப்படுதல் வரும். ஆண்களுக்கும் பிறப்புறுப்பின் முனை சிவந்து அரிக்கலாம். மார்பின் அடியிலும் தொடை இடுக்கிலும் தோல் சிவந்து புண்ணாகும். எப்போதும் தண்ணீரில் கை வைத்து வேலை செய்பவர்களுக்கு விரல் இடுக்கில் வரும்.

இவை எல்லாம் வந்த இடத்தில் தொல்லை தருபவை. சரியான மருந்து கொடுத்தால் பெரும்பாலும் சில நாட்களிலிருந்து ஓரிரு வாரங்களுக்குள் அடங்கிவிடும்.

எடையும் அசதியும் அதனால் வருமா?

இந்தக் கருத்து புதிதல்ல. அமெரிக்காவில் வில்லியம் குரூக் என்ற குழந்தை மருத்துவர் 1983-ல் எழுதிய ஒரு புத்தகத்தால் இது பரவியது. சோர்வு, தலைவலி, மனச்சோர்வு என்று எத்தனையோ தொல்லைகளுக்கு உடலில் பெருகிய ஈஸ்ட்தான் காரணம் என்று அவர் எழுதினார். லட்சக்கணக்கானவர்கள் அதை நம்பினார்கள்.

பிறகு மருத்துவர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அலபாமா பல்கலைக்கழக மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 1990-ல் வெளிவந்தது. இத்தகைய தொல்லைகள் இருப்பதாகச் சொன்ன 42 பெண்களுக்கு, சில காலம் பூஞ்சையைக் கொல்லும் நிஸ்டாடின் மருந்தும், சில காலம் மருந்தே இல்லாத போலி மருந்தும் கொடுத்தார்கள். எது எப்போது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. பிறப்புறுப்பின் அரிப்பு போன்ற தொல்லைகள் நிஸ்டாடினில் நன்றாகக் குறைந்தன. ஆனால் சோர்வு போன்ற மற்றத் தொல்லைகளில், போலி மருந்தைவிட அது அதிகப் பலன் எதையும் தரவில்லை.

குடல் பூஞ்சையால் எடை கூடுகிறது என்பதற்கும் நம்பத்தக்க ஆதாரம் இல்லை. எச்சில் சோதனையும் அப்படித்தான். இரவெல்லாம் வாய் உலர்ந்து, காலையில் எச்சில் கெட்டியாக இருக்கும். தண்ணீரில் விட்டால் நூலாக இறங்கத்தான் செய்யும். பூஞ்சை இருப்பவருக்கும் இறங்கும், இல்லாதவருக்கும் இறங்கும்.

"அந்தப் பத்தியம் இருந்தபோது எனக்கு நன்றாகத்தானே இருந்தது?" என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தப் பத்தியத்தில் சர்க்கரை, மைதா, குளிர்பானம், பேக்கரிப் பண்டம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். அவற்றை நிறுத்தினால் யாருக்கும் எடை குறையும், உடம்பு லேசாகும். பலன் தந்தது உணவை மாற்றியது. அதற்குப் பவுடர் தேவையில்லை.

உண்மையான தொடர்பு எங்கே?

முதலாவது, நீரிழிவு. சர்க்கரை ஏறினால் அசதி வரும். அதே சர்க்கரை பூஞ்சைக்கும் தீனியாகும். ஆகவே இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வரும். ஐ.சி.எம்.ஆர். ஆதரவோடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், மேலும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. பலருக்கு ஆரம்பத்தில் ஓர் அறிகுறியும் தெரியாது. அடிக்கடி வரும் பூஞ்சைத் தொற்றுதான் முதல் எச்சரிக்கையாக இருக்கலாம்.

இரண்டாவது, எடை. எடை கூடினால் தோல் மடிப்புகளில் வியர்வை தங்கிப் பூஞ்சை வளரும். எடையால் பூஞ்சை வருகிறது. பூஞ்சையால் எடை வருவதில்லை.

மூன்றாவது, ஸ்டீராய்டு. இதைக் கவனமாகப் படியுங்கள். மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் "சதை போட" வேண்டும் என்பதற்கும் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற மாத்திரைகளைச் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். இவற்றால் முகம் ஊதும், வயிற்றில் சதை போடும், தசை பலவீனமாகும், சர்க்கரை ஏறும், பூஞ்சையும் வரும். ஆனால் நாள்பட எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அரிப்புக்குப் போடும் சில களிம்புகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாள் அரிப்பு அடங்கியதுபோல் இருக்கும், பிறகு படை இன்னும் பரவும். ஸ்டீராய்டு கலந்த பல களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் அறிவித்தது.

நீரிழிவுக்காக டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை சிறுநீர் வழியாக வெளியேறும். அதனால் பிறப்புறுப்பில் பூஞ்சை வரலாம். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

என்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

எடையும் அசதியும் சேர்ந்து இருந்தால், பவுடருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியே இந்தப் பரிசோதனைகளுக்குப் போதும்.

• சர்க்கரை: வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. மருத்துவர் மறுபடியும் பார்த்து உறுதி செய்வார். 100 முதல் 125 வரை, அல்லது 5.7 முதல் 6.4 வரை என்றால் முன்நிலை. இந்த நிலையில் விழித்துக்கொண்டால் நீரிழிவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும்.

• ஹீமோகுளோபின்: பெண்களுக்கு 12-க்கும், கர்ப்பிணிகளுக்கு 11-க்கும், ஆண்களுக்கு 13-க்கும் குறைந்தால் ரத்தசோகை. பெண்களின் அசதிக்கு இது மிகப் பொதுவான காரணம்.

• தைராய்டு: எடை கூடுதல், மலச்சிக்கல், தோல் வறட்சி, குளிர் தாங்காமை இருந்தால் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும்.

• மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்து, முகத்தில் முடியும் வளர்ந்தால் நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

• பலத்த குறட்டையும் பகலில் தூக்கமும் இருந்தால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். மனக்கவலையாலும் அசதி வரும். அதை மருத்துவரிடம் சொல்வதில் வெட்கம் இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது, "எங்களுக்கு ஒன்றுமில்லை" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஒளுச் செய்த பின் கால்விரல் இடுக்குகளைத் துடைத்து உலர்த்துங்கள். ஈரத்தோடு காலுறை போடாதீர்கள். வெயில் காலத்தில் புர்காவுக்குள் பருத்தி உடை அணிந்து, வியர்வையில் நனைந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். பிறப்புறுப்பின் உட்பகுதியைச் சோப்பு, டெட்டால், வாசனைத் திரவம் கொண்டு கழுவாதீர்கள். தயிர், பூண்டு போன்றவற்றை உள்ளே வைப்பதும் வேண்டாம். தயிரைச் சாப்பிடலாம். இட்லி, தோசை மாவு புளித்தது என்று பயந்து ஒதுக்கவும் வேண்டாம். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளியுங்கள். கர்ப்பிணிகள் பூஞ்சை மாத்திரையைத் தாங்களாகச் சாப்பிடவே கூடாது.

சர்க்கரையைக் குறைக்க டீயிலிருந்து தொடங்கலாம். ஒரு நாளைக்கு 5 டீ, ஒவ்வொன்றிலும் 2 டீஸ்பூன் சீனி என்றால், டீயில் மட்டுமே 40 கிராம் ஆகிவிடும். முடிந்தால் நாளெல்லாம் சேர்த்தே 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறகு சர்பத், வட்டலப்பம், பேரீச்சம்பழம் எல்லாம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள். வாரத்துக்கு 150 நிமிட நடை வேண்டும். பள்ளிக்குப் போகும் ஆண்கள் வண்டியை வீட்டில் விட்டு நடந்து போகலாம். பெண்களுக்கு அந்த நேரம் கிடைக்க, வீட்டு வேலையில் மற்றவர்கள் கொஞ்சம் கை கொடுக்க வேண்டும்.

வெட்கத்தால் நோயை வளர்க்காதீர்கள்

அரிப்பும் வெள்ளைப்படுதலும் ஒழுக்கக்கேட்டின் அடையாளம் என்று சில வீடுகளில் நினைக்கிறார்கள். அது தவறு. கல்யாணமாகாத பெண்ணுக்கும் வரும், வயதான உம்மாவுக்கும் வரும். வருடத்தில் மூன்று முறைக்கு மேல் வந்தாலோ, மருந்து போட்டும் அடங்காவிட்டாலோ சர்க்கரையைப் பார்த்தே ஆக வேண்டும். காய்ச்சல், அடிவயிற்று வலி, துர்நாற்றம், ரத்தம் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், தாமதிக்கக் கூடாது. பெண் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும் என்று விரும்பும் சகோதரிகள் நம் பெண் தொண்டர்களிடம் சொல்லுங்கள், கூடவே வருவார்கள். என்ன ஏது என்று வெளியில் யாருக்கும் தெரியாது.

மேலே சொன்ன சகோதரி இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், மாலையில் மகளோடு நடக்கிறார். சர்க்கரை இறங்கத் தொடங்கியதும் அரிப்பும் நின்றுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். எடை மெதுவாகத்தான் குறைகிறது. பவுடருக்குப் போன 11,000 திரும்பி வராது. ஆனால் "எனக்கு நடந்ததை எழுதுங்கள், இன்னொருத்தி ஏமாறாமல் இருக்கட்டும்" என்று சொன்னவர் அவர்தான்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நலமான வாழ்வைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.