பனி பாதி, வெயில் பாதி
(இலைகளின் பருவம் – 14)

கொமரலிங்கத்தில் உறைபனி விழுவதில்லை. மார்கழி விடியலில் அமராவதிக் கரை நெல்வயல்கள் மேல் மூடுபனி நிற்கும், வரப்பில் நடந்தால் கால் சில்லிடும், அவ்வளவுதான். ஆனால் ஊரின் வாய்க்காலில் ஓடும் தண்ணீர் உறைபனி விழும் இடத்தைத் தொட்டுத்தான் வருகிறது. அமராவதி அணைக்கு வந்து சேரும் பாம்பாறு, ஆனைமுடிப் பக்கத்து மலைகளில் பிறந்து மறையூர் வழியாக இறங்குகிறது. அந்த உயரத்துப் புல்வெளிகளில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல் நுனி வெளுத்துவிடும். கோடையில் செடிகள் நீரை எப்படிச் சிக்கனமாகச் செலவழிக்கின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். மலையில் இலை உதிர்க்காமல் நிற்கும் புதர்கள் குளிர்காலத்தில் எதற்கு அஞ்சுகின்றன என்பது இந்த வாரக் கேள்வி. குளிருக்கு என்றுதான் யாரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. குளிர்ந்து கிடக்கும் இலைமேல் விழும் வெயிலுக்குத்தான் அவை கூடுதலாக அஞ்சுகின்றன என்கிறேன்.

காரணம் இலைக்குள்ளேயே இருக்கிறது. பச்சையம் ஒளியை உறிஞ்சும் வேலையைக் குளிர் தடுப்பதில்லை. பூஜ்ஜியத்தை நெருங்கினாலும் அது நடந்துகொண்டே இருக்கும். அந்த ஆற்றலைக் கொண்டு கரியமில வாயுவைச் சர்க்கரையாக்குவது நொதிகளின் வேலை. நொதிகளோ குளிரில் மந்தமாகிவிடும். தலைமதகு முழுக்கத் திறந்திருக்க, கடைமடை வயல்கள் தண்ணீர் ஏற்க மறுத்தால் வாய்க்கால் கரை என்னவாகும்? இலையிலும் அதே கதி. செலவாகாத ஆற்றல் ஆக்சிஜன்மேல் பாய்ந்து அதை நச்சாக்குகிறது. ஒளியைப் பிடிக்கும் புரதங்கள் சிதைகின்றன. அவற்றைப் பழுதுபார்க்கும் வேலையும் குளிரில் தாமதப்படும். இதில் இன்னொரு வம்பும் உண்டு. மேகமில்லாத இரவில்தான் தரையின் வெப்பம் வானுக்குப் போய் உறைபனி விழுகிறது. அதே தெளிந்த வானம் காலையில் தடையில்லாத வெயிலையும் கொண்டுவருகிறது. நம் மலைகளில் இது இன்னும் கடுமை. டிசம்பர் நண்பகலில் உதகையில் சூரியன் ஏறத்தாழ 55 பாகை உயரத்தில் நிற்கும். லண்டனில் 15 பாகைதான். குளிர்நாட்டுச் செடிக்குப் பனிக்காலத்தில் சாய்ந்த, சோர்ந்த வெயில். நீலகிரிச் செடிக்கு உறைபனியும் வெப்பமண்டல வெயிலும் சில மணி நேர இடைவெளியில்.

உபரி ஆற்றலை வெளியேற்ற இலைக்கு ஒரு வழி உண்டு. வெயில் மிகும்போது வயோலாசாந்தின் என்ற மஞ்சள் நிறமி சியாசாந்தினாக மாறுகிறது. அது ஆற்றலை வெறும் வெப்பமாக்கி வெளியே தள்ளிவிட உதவுகிறது. இந்தச் சுழற்சியை 1962இல் யாமமோட்டோ குழுவினர் விளக்கினர். அது இலையின் காவல் ஏற்பாடு என்பது 1980களின் பிற்பகுதியில் டெமிக்-ஆடம்ஸ் ஆய்வுகளால் துலங்கியது. சாதாரண நாளில் இருட்டியதும் நிறமி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கடுங்குளிரில் நிற்கும் பசுமைமாறாச் செடிகளோ சியாசாந்தினை இரவிலும் கைவிடாமல் வைத்துக்கொள்கின்றன. சியாசாந்தின் நமக்கு அந்நியமானதல்ல; உடுமலை, மடத்துக்குளம் வட்டாரத்து மக்காச்சோளத்தின் மஞ்சளில் இருப்பது அதுதான். தீவனத்தின் வழியே முட்டைக் கருவுக்கும், அங்கிருந்து நம் விழித்திரைக்கும் போய்ச் சேருகிறது.

சில செடிகள் இலையையே அசைக்கின்றன. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் வளரும் ரோடோடென்ட்ரான் புதர், குளிர் ஏறினால் இலைகளைத் தொங்கவிடும். உறைநிலைக்குக் கீழே போனால் குழலாகச் சுருட்டிக்கொள்ளும். நீரைச் சேமிக்கத்தான் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. வர்ஜீனியாவில் எரிக் நில்சன் 1980களில் தொடங்கிய ஆய்வுகள் வேறு முடிவுக்கு வந்தன: சுருளுதல் இலையின் வெப்பநிலையைப் பின்பற்றுகிறது, குளிரில் இலைத்துளைகள் ஏற்கெனவே மூடியிருப்பதால் சுருண்டு மிச்சப்படுத்த அதிக நீரில்லை. தொங்கும் இலைமேல் வெயில் குறைவாக விழுகிறது. சுருண்ட இலை காலையில் மெதுவாக உருகுகிறது. நம் மலைகளின் காட்டுப்பூவரசு இதே இனத்தின் உறவு. சோலை மரங்கள் ஒதுங்கும் திறந்த புல்வெளியில் அது தனியே நின்று செந்நிறமாகப் பூக்கிறது.

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. தேயிலைக் கொழுந்தைக் கருக்குவது செல்லுக்குள் உருவாகும் பனிக்கட்டிதானே, வெயிலை ஏன் இழுக்க வேண்டும்? உண்மை, கட்டி உள்ளே உருவானால் இருட்டிலும் இலை சாகும். சோலை மரக் கன்றுகளைப் புல்வெளியில் முளைக்கவிடாமல் வைத்திருப்பது உறைபனி என்று ரங்கநாதன் 1938இலேயே எழுதினார். ஜோஷி, ரத்னம், சங்கரன் ஆகியோரின் 2020 ஆய்வும் அதற்கு வலு சேர்த்தது. மர நிழலில் கன்று பிழைப்பதற்குக் கதகதப்பே காரணம் என்றும் வாதிடலாம். இந்த முடிச்சை அவிழ்த்தது ஆஸ்திரேலியா. பனி யூகலிப்டஸின் நாற்றுகள் தாய்மரத்தைச் சுற்றி ஒரே சீராக முளைப்பதில்லை, தென்புறத்தில்தான் செறிந்திருக்கின்றன என்று மர்லின் பால் குழுவினர் 1991இல் காட்டினர். கிளைகள் இரவு வானத்தை எல்லாப் பக்கமும் மறைக்கின்றன. ஆனால் தென்கோளத்தில் குளிர்கால வெயில் படாத பக்கம் தெற்கு. வேறுபடுவது வெயில்தான்.

குளிரில் சில இலைகள் சிவப்பதற்கும் இதே விளக்கம் தரப்படுகிறது: ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி வெயிலுக்குத் திரை. பூச்சிகளுக்கான எச்சரிக்கை என்பாரும் உண்டு. ஒரே செடியில் வெயில் படும் இலை சிவந்து நிழல் இலை பச்சையாகவே இருப்பதைப் பார்த்தால் நான் திரையின் பக்கமே நிற்பேன். மற்றக் கட்சியும் முழுக்கத் தோற்றுவிடவில்லை.

மலையில் நாற்றங்கால் வைத்திருப்பவர்கள் தாகை, கோத்தகிரி மிலார் என்னும் செடிகளைப் போட்டு நாற்றுகளை மூடுகிறார்கள். மாலையில் மூடுவதில் காட்டும் அக்கறையைக் காலையில் திறப்பதிலும் காட்டுங்கள். விடிந்ததும் உருவிப் போடாமல், இலையில் குளிர் விட்ட பிறகு விலக்குங்கள்.