படையின் உடுப்பை வெளுத்தவர்கள்

போர் என்றதும் துப்பாக்கி பிடித்தவர்தான் நம் நினைவுக்கு வருவார். அவர் உடுத்திய சீருடையை வெளுத்துக் கொடுத்தவர் யார்? கொச்சித் தமிழர்களாகிய நமக்கு இது ரொம்ப நெருக்கமான கேள்வி.

மட்டாஞ்சேரிக்கு அடுத்த ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதியில் தோபிகானா இருப்பதை எல்லாரும் அறிவோம். அங்கே தொழில் செய்யும் வண்ணார் குடும்பங்களின் பூர்வீகம் தமிழகம். கொச்சியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து 1663-இல் கைப்பற்றிய டச்சுக்காரர்கள், தங்கள் படையினரின் சீருடை துவைக்கவே இவர்களுடைய முன்னோரைக் கூட்டி வந்தார்கள் என்று பெரியவங்க வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். 1795-இல் ஆங்கிலேயர் வந்த பிறகும் வேலை நிற்கவில்லை. குளக்கரைகளில் துவைத்து வந்தவர்களுக்கு 1976-இல்தான் இப்போதைய தோபிகானா அமைந்தது.

துவைப்பதை அற்ப வேலை என்று நினைக்க வேண்டாம். டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புவது உடையில் வாழும் பேன்தான் என்று 1909-இல் சார்ல் நிக்கோல் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டறிந்தார். அந்தக் காய்ச்சல் 1914-15-இல் செர்பியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. உடுப்பின் தையல் மடிப்பில்தான் பேன் முட்டையிடும். வெள்ளாவியும் சூடான இஸ்திரிப் பெட்டியும் அதை அழித்துவிடும். அப்படிப் பார்த்தால் சலவைக்காரர் பாதி வைத்தியர்!

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து படைக்குச் சேர்க்கப்பட்டவர் சுமார் 14 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 5.6 லட்சம் பேர் ஆயுதம் ஏந்தாதவர்கள். சலவைக்காரர், சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், கோவேறு கழுதை ஓட்டுபவர், தோட்டி, கூலியாள் என்று எல்லாரும் அதில் அடக்கம். பின்தொடர்வோர் என்ற பொருளில் 'ஃபாலோயர்' என்று இவர்களைப் பதிவேட்டில் எழுதினார்கள். பெயர்தான் அப்படி, ஆபத்து என்னவோ ஒண்ணுதான். மெசப்பொத்தேமியாவில் கூட் நகரம் முற்றுகையிடப்பட்டு, 1916 ஏப்ரல் 29 அன்று சுமார் 13,000 பேர் துருக்கியரிடம் சரணடைந்தார்கள். அவர்களில் சில ஆயிரம் பேர் இந்த ஃபாலோயர்கள். வீரர்களோடு சேர்ந்து அவர்களும் பட்டினி கிடந்தார்கள், சிறைப்பட்டார்கள்.

போர் முடிந்து பதக்கம் கொடுத்தபோது வேற்றுமை வெளிப்படையாகவே தெரிந்தது. பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் சண்டையிட்டவருக்கு வெள்ளியில் கிடைத்தது. தொழிலாளர் படையினருக்கும் ஃபாலோயர்களுக்கும் அதே பதக்கம் வெண்கலத்தில்!

இரண்டாம் உலகப் போரின்போது நம்ம கொச்சித் துறைமுகமே கடற்படையின் கைக்குப் போய், 1945 மே மாதத்தில்தான் திரும்பி வந்தது. ஒரு படை வந்து தங்கினால் சமைக்கவும் சுமக்கவும் துவைக்கவும் ஆள் வேண்டாமா? அந்த வேலை செய்த சாதாரண மனிதர்களுக்கு யாரும் நினைவுக் கல் நடுவதில்லை.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டனாரோ எந்தப் படைக்காவது எந்த வேலையாவது செய்திருந்தால், அவர் பெயர், ஊர், செய்த தொழில், போன இடம் இவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். பெட்டிக்குள் வெண்கலப் பதக்கம் கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். விவரம் சொல்லக்கூடிய பெரியவங்க நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்து முடிக்க வேண்டும்.