ஒரே கவுன்டியில் மூன்று கோடை: சான்டியாகோவின் வானிலையைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது சான்டியாகோ கவுன்டி. மேற்கே பசிபிக் கடற்கரை. நடுவே 1,500 முதல் 2,000 மீட்டர் வரை எழும் பாலோமார், குயமாகா, லகூனா மலைகள். மலைகளைத் தாண்டினால் அன்சா-பொரேகோ பாலைவனம். ஜூலை மாதப் பிற்பகலில் கடற்கரையில் 24 டிகிரி செல்சியஸ், அதற்கு அரைமணிப் பயணத் தொலைவிலுள்ள எல் கஹோன் பள்ளத்தாக்கில் 32, லகூனா மலைமேல் 27, பொரேகோ ஸ்பிரிங்ஸில் 42 என்று இருப்பது இங்கே சாதாரணம். ஆகவே, ‘இந்தக் கோடை எப்படி இருக்கும்?’ என்று கேட்டால் ஒரே வரியில் விடை சொல்ல முடியாது. எந்த இடம், எந்த மாதம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் காலநிலை முன்கணிப்பு மையம் ஒவ்வொரு மாதமும் அடுத்த மூன்று மாதங்களுக்கான கணிப்பை வெளியிடுகிறது. அது இத்தனை டிகிரி வெயில் அடிக்கும் என்று சொல்வதில்லை. 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுகளின் நிலவரத்தை மூன்றாகப் பிரித்து, வரும் பருவம் வழக்கத்தைவிட வெப்பமாக, வழக்கம்போல, வழக்கத்தைவிடக் குளுமையாக இருப்பதற்கு எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று மட்டுமே சொல்கிறது. எந்தச் சாய்வும் இல்லாவிட்டால் மூன்றுக்கும் சுமார் 33 விழுக்காடு. ‘வெப்பமாக இருக்க 50 விழுக்காடு வாய்ப்பு’ என்று வந்தால், அப்படி இல்லாமல் போகவும் அதே அளவு வாய்ப்பு உண்டு. மழையைப் பொறுத்தவரை இந்தக் கணிப்பு கடற்கரைக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே பெய்வதே சில மில்லிமீட்டர்தான்.

இந்தக் கடற்கரையில் கோடை மப்பும் மந்தாரமுமாகத்தான் தொடங்குகிறது. மே, ஜூன் மாதங்களில் காலையில் வெயிலே தெரியாது. உள்ளூரார் இதை ‘மே கிரே’, ‘ஜூன் குளூம்’ என்கிறார்கள். வடக்கிலிருந்து இறங்கிவரும் கலிபோர்னியா நீரோட்டம் குளிர்ந்தது. கரையோரக் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, ஆழத்திலிருந்து இன்னும் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதைத் தொடும் காற்றும் குளிர்ந்து ஈரமாகிறது. அதே வேளையில், வட பசிபிக்கின் மேல் நிலைகொண்டிருக்கும் உயர் அழுத்தப் பகுதியில் மேலிருந்து இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகிறது. கீழே குளிர்க்காற்று, மேலே வெப்பக்காற்று. வெப்பத் தலைகீழ் மாற்றம் எனப்படும் இந்த அமைப்பு பானைக்கு இட்ட மூடி போலக் கடற்காற்றை மேலெழ விடாமல் அடக்கிவைக்கிறது. மூடிக்குக் கீழே படைமேகம் கட்டிக்கொள்கிறது. அந்த அடுக்கு சில நூறு மீட்டர் கனம் இருந்தால் நண்பகலுக்குள் கலைந்துவிடும். கடலோரச் சுழற்சி ஏதேனும் அதை மேலும் தடிக்கச் செய்தால் பள்ளத்தாக்குகள் வரை மேகம் ஏறி, நாள் முழுவதும் நிற்கும்.

இதனால் இங்கே கோடைக் காலைகளில் மலைமேல் இருப்பவர் வெயிலில் நிற்க, கீழே இருப்பவர் மேகத்துக்குள் இருப்பார். சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள பாலோமார் வானாய்வகத்துக்கு இது நல்லதுதான். இரவில் மேகம் கீழேயே படர்ந்துவிட்டால் கடலோர நகரங்களின் விளக்கொளி மறைந்து, அங்குள்ள 200 அங்குல ஹேல் தொலைநோக்கிக்கு இருண்ட வானம் கிடைக்கிறது.

கடல்நீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பார்க்காமல் கோடையைக் கணிக்க முடியாது. லா ஹோயாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் கடற்பாலத்திலிருந்து 1916 முதல் நாள்தோறும் நீரை எடுத்து வெப்பநிலை அளந்துவருகிறார்கள். மே மாதத்தில் 17, 18 டிகிரியாக இருக்கும் நீர், ஆகஸ்டில் 20, 21 டிகிரிக்கு ஏறும். 2018 ஆகஸ்ட் 1 அன்று அது 25.9 டிகிரியைத் தொட்டு, 1931ஆம் ஆண்டின் உச்சத்தை முறியடித்தது. கடல் இப்படிச் சூடேறினால் மேகக் கூரை மெலிந்து, பகல் வெயில் கூடுகிறது. அதைவிட முக்கியமாக, இரவில் புழுக்கம் தணிவதில்லை.

கலிபோர்னியாவின் வெப்ப அலைகள் முன்பைவிட ஈரப்பதம் மிக்கவையாக மாறிவருவதையும், அவற்றில் இரவு வெப்பம் கூடிவருவதையும் ஸ்கிரிப்ஸ் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 2006 ஜூலையில் வந்த அப்படியொரு வெப்ப அலையில் மாநிலம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பகலில் சூடேறிய உடல் இரவில் ஆற வழியில்லாமல் போவதே இதில் கொடியது. பொரேகோவில் 42 டிகிரி என்றால் ஊரே குளிர்சாதன அறைக்குள் இருக்கும். கடற்கரையில் குளிர்சாதனம் இல்லாத பழைய வீடுகள் நிறைய. அங்கே வாழும் முதியவர்களுக்கு 33 டிகிரியே ஆபத்து. வானிலைச் சேவை வெளியிடும் ‘ஹீட்ரிஸ்க்’ வரைபடம் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அந்தந்த இடத்தின் வழக்கமான வெப்பம், இரவு நிலவரம் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பச்சை முதல் மெஜந்தா வரை ஐந்து நிறங்களில் ஆபத்தைக் காட்டுகிறது. வெறும் டிகிரிக் கணக்கைவிட இது எவ்வளவோ மேல்.

ஜூலை முதல் வாரங்களில் கிழக்குப் பக்கம் காட்சி மாறுகிறது. வெந்து கிடக்கும் பாலைவனத்தின் மேல் அழுத்தம் குறைய, கலிபோர்னியா வளைகுடாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் ஈரக்காற்று வடக்கே ஏறுகிறது. வட அமெரிக்கப் பருவமழையின் மேற்கு விளிம்பு இது. காலையில் தெளிவாக இருக்கும் லகூனா மலைமேல் நண்பகலில் மேகம் திரண்டு, பிற்பகலில் இடியோடு கொட்டும். 1891 ஆகஸ்ட் 12 அன்று கம்போ என்ற சிற்றூரில் 80 நிமிடங்களில் 292 மில்லிமீட்டர் பெய்ததாகப் பதிவாகியிருக்கிறது. மலையில் பெய்த மழை, ஒரு துளியும் விழாத பாலைவனத்தின் வறண்ட ஓடைகளில் திடீர் வெள்ளமாகப் பாயும். தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பதால் அங்கே கூடாரம் போட்டவருக்கு எச்சரிக்கையே இருக்காது.

புயல் இங்கே அரிது. கரையோரக் குளிர்நீர் அதை வலுவிழக்கச் செய்துவிடும். ஆனாலும் 1939 செப்டம்பரில் ஒரு வெப்பமண்டலப் புயல் லாங் பீச் அருகே கரையேறியது. 2023 ஆகஸ்டில் ஹிலரி என்ற புயல் வந்தபோது, தென் கலிபோர்னியாவுக்கு வரலாற்றில் முதன்முறையாக வெப்பமண்டலப் புயல் எச்சரிக்கை விடப்பட்டது. ஆகஸ்ட் 20 அன்று வடக்கே டெத் வேலியில் 56 மில்லிமீட்டர் பெய்தது. அது அங்கே ஓராண்டு முழுவதும் பெய்யும் அளவு. எல் நினோ ஆண்டுகளில் மெக்சிகோவுக்கு அப்பால் புயல்கள் கூடுவதால், அவற்றின் எச்சங்கள் இந்தப் பக்கம் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

நாட்காட்டியில் கோடை முடியும் நேரத்தில்தான் கடற்கரையில் உண்மையான வெயில். சான்டியாகோ நகரின் உச்ச வெப்பமான 43.9 டிகிரி பதிவானது 1963 செப்டம்பர் 26 அன்று. உள்நாட்டு மேட்டுநிலத்தில் உயர் அழுத்தம் அமைந்தால், காற்று கடலை நோக்கிச் சரிவிறங்குகிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் சுமார் 10 டிகிரி சூடேறி, ஈரம் வற்றி வந்து சேர்கிறது. இதுவே சான்டா ஆனா காற்று. ஆறு மாதமாக மழை காணாத புதர்க்காடுகள் அப்போது காய்ந்த சருகாக நிற்கும். 2003 அக்டோபர் 25 அன்று குயமாகா மலையில் மூண்ட சீடர் தீ 2,70,000 ஏக்கருக்கு மேல் எரித்து, 15 உயிர்களையும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளையும் பறித்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான கணிப்பில் இந்தக் காற்று இடம்பெறாது. செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான கணிப்பையும், அன்றாடத் தீ எச்சரிக்கைகளையும் சேர்த்தே இங்கே கோடையைப் பார்க்க வேண்டும்.