வயிற்றுப்போக்குக்கு மாத்திரை வாங்கும் முன்

மெடிக்கல் ஷாப்பில் "லூஸ் மோஷன்" என்று சொன்னால் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை அட்டையிலிருந்து நாலைந்தாக வெட்டிக் கொடுக்கும் வழக்கம் இன்னும் நின்றபாடில்லை. பலருக்கும் வருவது வைரஸால் வரும் வயிற்றுப்போக்கு. அதில் இந்த மாத்திரைக்கு வேலையே இல்லை. வேலை இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்ற நினைப்புதான் ஆபத்தானது. குடலில் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் மருந்துக்குச் சாகிறவை செத்துப்போக, தாங்குகிறவை பெருகுகின்றன. தாங்கும் திறனைத் தரும் மரபணு பல சமயம் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கும். அந்த வளையத்தை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்குக் கைமாற்றிவிடும். வாங்கிக்கொள்வது வேறு இனமாகவும் இருக்கலாம்.

நோயைக் கடுமையாக்கும் மரபணுக்களும் இப்படியே இடம் மாறுகின்றன. 2011-இல் ஜெர்மனியில் பரவிய ஓ104:எச்4 என்ற ஈ.கோலை பாக்டீரியா வகை இதற்குக் கண்கூடான சான்று. குடல் சுவரில் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும் திறன் அதற்கு முன்பே இருந்தது. ஒரு வைரஸ் வழியாக ஷிகா நச்சுக்கான மரபணுவும், பிளாஸ்மிட் வழியாக செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாட்டிக்குகளை முறிக்கும் மரபணுவும் அதில் வந்து சேர்ந்தன. முளைகட்டிய வெந்தயம் மூலம் பரவிய அந்தக் கிருமியால் 3,800-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 800-க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இத்தகைய கிருமி சில ஆன்டிபயாட்டிக்குகளைச் சந்திக்கும்போது நச்சைக் கூடுதலாக வெளியிடுவதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். என்ன கிருமி என்று தெரியாமல் விழுங்கும் மாத்திரை நோயை முற்றவைக்கவும் கூடும் என்பதே இதன் பொருள். மருந்தைத் தாங்கும் மரபணு பரவுவது தொலைதூரத்துச் சங்கதி அல்ல. கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 மரபணு சென்னையிலும் இருப்பதை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது.

கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு டாக்டருக்காகக் காத்திருக்க முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவருக்கு முதலில் தேவைப்படுவது இழந்த நீரும் உப்பும். அதைத் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். குழந்தைக்குத் துத்தநாக மாத்திரையும் சேர்த்துத் தர வேண்டும். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டுபோவது ஆகியவற்றில் எது இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. சீதபேதி, கடும் காலரா, டைபாய்டு போன்றவற்றில் ஆன்டிபயாட்டிக் உயிர் காக்கும். அதை எழுதித் தர வேண்டியவர் மருத்துவர். மலப் பரிசோதனை தேவையா, இந்த மருந்து எதற்கு என்று அவரிடம் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. செஃபிக்சிம் என்னும் ஆன்டிபயாட்டிக் போன்ற, மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே தர வேண்டிய எச்1 அட்டவணை மருந்துகளை விற்கும் கடை, 2014 மார்ச் முதல், மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் இவற்றை விற்கும் கடை மீது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். பில் கையில் இருந்தால் புகாருக்கு வலு கூடும்.